தொடர்மாடி வீட்டில் ஒரு களனிவெளிப் பாதை

வீட்டில் மாதிரி ரயில் பாதை அமைக்க முனைபவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் முதலில் தேடுகிறார்கள். எந்தப் பாதையை, எந்த அளவுவிகிதத்தில் அமைப்பது என்பதை அதற்கு முன்னரே தீர்மானித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இலங்கையில் வாழ்பவருக்கு இந்தத் தீர்மானம் சற்றுச் சிக்கலானது. நமது பிரதான பாதைகளின் இரு தண்டவாளங்களுக்கிடையிலான அகலம் 1676 மில்லிமீற்றர். மாதிரி ரயில்களில் உலகில் மிகப் பரவலாக விற்கப்படும் எச்ஓ (HO) அளவின் விகிதம் 1:87, அதாவது உண்மையின் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1435 மில்லிமீற்றர் பாதைக்குச் சரியாகப் பொருந்துவது. நமது அகலப் பாதையை அதே விகிதத்தில் அமைப்பதானால் 19.26 மில்லிமீற்றர் வேண்டும். அந்த அளவில் ஆயத்தத் தண்டவாளமும் சக்கரமும் கடையில் கிடைப்பவையல்ல. பிரித்தானியர் பயன்படுத்தும் 1:76 விகிதத்தை எடுத்தால் வேறுபாடு இன்னும் பெரிது. 22 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் அதே 16.5 மில்லிமீற்றர் தண்டவாளம்தான் இருக்கும். கரையோரப் பாதையின் பெட்டியொன்றை அதன்மேல் வைத்து முன்னாலிருந்து பார்த்தால், பெட்டியின் அகலத்துக்குப் பொருந்தாமல் சக்கரங்கள் உள்ளொடுங்கி நிற்பது உடனே கண்ணில் படும்.

கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் களனிவெளிப் பாதைக்கு இந்தக் குறை இல்லை. இன்று அது அகலப் பாதை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட காலத்திலிருந்து 1990களில் மாற்றப்படும்வரை அது 762 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அடி அகலமுள்ள ஒடுங்கிய பாதையாகவே இருந்தது. 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 வருகிறது. 'என்' (N) அளவு எனப்படும் சிறிய ரயில்களுக்கான தண்டவாளம் 9 மில்லிமீற்றர். வேறுபாடு கால் மில்லிமீற்றரைவிடக் குறைவு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எச்ஓ விகிதத்தில் உடலும், N அளவில் தண்டவாளமும் சக்கரமும் எந்திரமும் என்ற இந்தச் சேர்க்கையை ஐரோப்பாவில் எச்ஓஈ (HOe) என்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைப் பாதைகளுக்காக வளர்ந்த இந்த முறை நமது அவிசாவளைப் பாதைக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளிலேயே எனக்கு வேறு தெரிவு இல்லாமல் போயிற்று.

பாதையின் இயல்பும் இதற்குத் துணை நின்றது. மருதானையிலிருந்து பொரளைப் பக்கமாக வந்து, கோல்ஃப் மைதானத்தின் புல்வெளியை ஊடறுத்து, நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகம, ஹோமாகம, பாதுக்கை, வக ஆகிய இடங்கள் வழியாக அவிசாவளைக்குச் செல்லும் இப்பாதை தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுவருவதற்காகப் போடப்பட்டது. 1912இல் இரத்தினபுரி வரையும் பின்னர் ஓபநாயக்க வரையும் நீண்டது. அவிசாவளைக்கு அப்பாலான பகுதி 1970களில் கைவிடப்பட்டது. சிறிய எஞ்சின்கள், குட்டையான பெட்டிகள், இடுக்கமான வளைவுகள், ஒற்றைப் பாதை, ஓட்டுக்கூரை போட்ட சிறு நிலையங்கள் என எல்லாமே ஒரு வீட்டுச் சுவரோரம் அடங்கக்கூடியவை. மலைநாட்டுப் பிரதான பாதையை எடுத்துக்கொண்டால், அதன் மிக இடுக்கமான வளைவின் ஆரம் 5 சங்கிலி, ஏறத்தாழ 100 மீற்றர். அதனை 1:87இல் உண்மையாகக் காட்டுவதற்கே 1.16 மீற்றர் ஆரம் வேண்டும். அரைவட்டம் ஒன்றை வைக்க 2.3 மீற்றர் அகலமுள்ள மேசை தேவை. கொழும்பில் அப்படியொரு அறையை ரயிலுக்கென்று ஒதுக்கக்கூடியவர் மிகச் சிலரே.

என் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாகவுள்ள ஒரு தொடர்மாடியில் இருக்கிறது. அலுமாரிக்கும் யன்னலுக்கும் இடையில் கிடைத்த சுவரின் நீளம் இரண்டரை மீற்றர். ஆகவே பலகையின் அளவை 2.4 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம் என்று வரையறுத்துக்கொண்டேன். 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் 25 சென்ரிமீற்றர் ஆரமுள்ள வளைவு தாராளமாக ஓடும் என்பதால், இந்த அகலத்துக்குள்ளேயே முழுமையான நீள்வட்டம் ஒன்று அடங்கிவிடுகிறது. 25 சென்ரிமீற்றர் என்பது நிசத்தில் 22 மீற்றருக்கும் குறைவான ஆரம். எந்தக் களனிவெளி எஞ்சினும் அவ்வளவு இடுக்கமாகத் திரும்பியிருக்காது. அதனால் இரு முனை வளைவுகளையும் பின்பக்கத் தடத்தையும் ஒரு குன்றுக்கும் இறப்பர் மரங்களுக்கும் பின்னால் மறைத்துவிட்டு, முன்னால் தெரியும் ஒன்றரை மீற்றரை மட்டும் மெல்லிய வளைவோடு, கண்ணுக்கு உண்மையாகத் தோன்றும்படி வைத்தேன். சிறிய இடத்தில் அமைப்பவர்கள் வளைவை முன்னால் வைத்துக் காட்சிப்படுத்துவதை நான் ஏற்பதில்லை. ரயில் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் அந்த வளைவு அதனை விளையாட்டுப் பொருளாக்கிவிடும்.

பலகைக்கு 9 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையைப் பழைய சோனகத் தெருவில் வாங்கி, கடையிலேயே அளவுக்கு வெட்டுவித்தேன். நீர் தாங்கும் பசையால் ஒட்டிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண வகை ஒரு மழைக்காலத்துக்குள் அடுக்கடுக்காகப் பிரியத் தொடங்கும். படியில் ஏற்றி இறக்கவும் வீடு மாறும்போது கொண்டுபோகவும் வசதியாக, 1.2 மீற்றர் நீளமான இரு துண்டுகளாகச் செய்து, இரண்டையும் போல்ட் ஆணிகளால் இணைத்தேன். அதே ஒட்டுப்பலகையிலிருந்து வெட்டிய 7 சென்ரிமீற்றர் உயரக் கீலங்களைச் சுற்றிவரவும், 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்காகவும் அடியில் ஒட்டியதால், கால்கள் இல்லாமலே இரு சுவர்த் தாங்கிகளின்மேல் வளையாமல் நிற்கிறது. குறுக்குக் கீலங்களில் வயர் போவதற்கான துளைகளை ஒட்டுவதற்கு முன்னரே போட்டுவிட்டால் பின்னர் மல்லாந்து படுத்துத் துளைக்க வேண்டியதில்லை.

கொழும்பின் காற்றை இங்கே கணக்கில் எடுத்தாக வேண்டும். வெப்பநிலை ஆண்டு முழுதும் பெரிதாக மாறுவதில்லை. இரவுக்கும் பகலுக்கும் இடையில் 10 பாகை வேறுபாடு என்று வைத்துக்கொண்டாலும், 2.4 மீற்றர் நீளமான நிக்கல் சில்வர் தண்டவாளம் ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர்தான் நீளும். உண்மையான தொல்லை ஈரப்பதன். மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், வறண்ட காலத்தில் சுருங்கும். தண்டவாளத்துக்கு அந்தக் குணம் கிடையாது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், மரத்தின் அசைவு தண்டவாளத்தை இழுக்கவோ நெளிக்கவோ செய்யும். ஒட்டுப்பலகை தனிப் பலகையைவிட மிகக் குறைவாகவே அசையும். ஆனால் வெட்டிய ஓரங்கள் திறந்திருந்தால் அவற்றின் வழியாக ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே மேற்பரப்பு, அடிப்பரப்பு, ஓரங்கள், துளைகளின் உட்சுவர் எல்லாவற்றுக்கும் ஒன்றும் விடாமல் வார்னிஷ் பூசினேன். ஓரங்களுக்கு மூன்றாம் பூச்சும் கொடுத்தேன். இந்த வேலையைச் சனவரி, பெப்ரவரியில் செய்வது நல்லது. கொழும்பில் ஓரளவு காய்ந்த மாதங்கள் அவைதான். பலகை குறைந்த ஈரத்தோடு இருக்கும்போதே அதனை மூடிவிடலாம்.

தண்டவாளத்துக்கு, மாதிரித் தண்டவாளங்கள் செய்யும் பெக்கோ நிறுவனத்தின் ஒடுங்கிய பாதை வகையை வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். சாதாரண N அளவுத் தண்டவாளமும் 9 மில்லிமீற்றர்தான். ஆனால் அதன் சிலிப்பர் கட்டைகள் மெலிந்தவை, நெருக்கமானவை, ஒரு பெரிய பாதையைச் சிறிதாக்கிக் காட்டுபவை. ஒடுங்கிய பாதைக்கென்று செய்யப்பட்டதில் கட்டைகள் நீளமாகவும் இடைவெளிவிட்டும், சற்று ஒழுங்கற்றும் இருக்கின்றன. பழைய களனிவெளிப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கின்மையின் பெறுமதி தெரியும். விலை கூடினாலும், முன்னால் தெரியும் பகுதிக்கு இதனையே போட வேண்டும். பின்னால் மறைந்துள்ள தடத்துக்கு மலிவான N அளவுத் தண்டவாளம் போதும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய தொகுதிகளில் வரும் உருக்குத் தண்டவாளத்தையோ பித்தளைத் தண்டவாளத்தையோ யாராவது இலவசமாகத் தந்தாலும் கடலோர வீட்டில் போடாதீர்கள். உருக்கு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். பித்தளையின் மேல் படியும் ஒட்சைட்டு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த நிக்கல் சில்வர்தான் இங்கே நின்றுபிடிக்கிறது.

இரு பலகைகளும் சந்திக்கும் இடத்தில் தண்டவாளத்தை எப்படி நிறுத்துவது என்பதுதான் இந்த வேலையில் மிக நுணுக்கமான பகுதி. அந்த இடத்தில் அரை மில்லிமீற்றர் பிசகினாலும் சிறிய சக்கரங்கள் தடம்புரளும். நான் கைக்கொண்ட முறை இது: இரு பலகைகளையும் போல்ட் போட்டு இறுக்கிய நிலையில், சந்திப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் கீழே ஒரு பித்தளைத் திருகாணியை இறக்கி, அதன் தலை தண்டவாளத்தின் அடியை மட்டுமட்டாகத் தொடும்வரை உயரத்தைச் சரிபார்த்தேன். பின்னர் தண்டவாளத்தைச் சந்திப்புக்கு மேலாக முறியாமல் ஒரே நீளமாக இட்டு, நான்கு திருகாணிகளின் தலையிலும் பற்றாசு பிடித்து, எல்லாம் ஆறிய பின்னர் மெல்லிய வெட்டுத் தகட்டால் சந்திப்புக்கு நேராக அறுத்தேன். இரு முனைகளும் ஒரே தண்டவாளத்திலிருந்து பிறந்தவை என்பதால் நேர்கோடு தவறுவதில்லை. அறுத்த வெட்டின் அகலமே விரிவுக்கான இடைவெளியாகவும் அமைந்துவிடுகிறது.

மின்சாரப் பகுதியை நான் மிகவும் விரும்பிச் செய்தேன். இப்போது பலரும் டிசிசி என்ற எண்ணியல் முறையை நாடுகிறார்கள். ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே இயக்குவதற்கு அது சிறந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் நகரும் ஒற்றைப் பாதைக் கிளைக்கு அது தேவையில்லை என்று கருதி, 12 வோல்ற் நேரோட்ட முறையையே தெரிந்தேன். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றைத் தொடவே வேண்டாம். மூடிய உறையுள்ள ஒரு ஆயத்த 12 வோல்ற் வழங்கியை வாங்கிவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே பாதுகாப்பான தாழ்ந்த வோல்ற்றளவு. இதில் இன்னொரு வசதியும் உண்டு. 2022இல் மின்வெட்டு நாளொன்றில் பல மணித்தியாலங்கள் நீண்டபோது, ஒரு சாதாரண 12 வோல்ற் மின்கலவடுக்கை இணைத்துவிட்டு வண்டியைத் தடையின்றி ஓட்ட முடிந்தது.

வேகக் கட்டுப்பாட்டியை வாங்கும்போதோ செய்யும்போதோ ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய யப்பானிய N அளவு எந்திரங்கள் சிலவற்றில் உள்ளீடற்ற சுருளுடைய மோட்டர் இருக்கிறது. மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாகக் கொடுக்கும் கட்டுப்பாட்டிகள் தாழ்ந்த மீடிறனில், அதாவது விநாடிக்குக் குறைந்த துடிப்புகளில், இயங்கினால் அத்தகைய மோட்டர் சூடேறும், காலப்போக்கில் கெடும். உயர் மீடிறன் கொண்டதாகவோ, மென்மையான நேரோட்டம் தருவதாகவோ இருக்க வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைக்கும் மோட்டர் வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகளை இதற்கு வாங்குபவர்கள், அவற்றின் மீடிறனைக் கேட்டறிந்த பின்னரே தண்டவாளத்தில் இணைப்பது உசிதம்.

சிறிய எந்திரமொன்று கால் அம்பியருக்கு மேல் எடுப்பது அரிது. 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போய்வர 5 மீற்றர் என்றாலும், அதன் தடை 0.12 ஓம் அளவுதான். வோல்ற் இழப்பு 0.03. ஆகவே தடித்த வயருக்குச் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை. இழப்பு நேர்வது வயரில் அன்று. தண்டவாளத் துண்டுகளைப் பொருத்தும் சின்னஞ்சிறு இணைப்புத் தகடுகளில். அவை இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதை மட்டுமே நம்பியிருப்பவை. உப்பும் ஈரமும் அந்த இடுக்கில் புகுந்தால் தொடுகை கெடுகிறது. முதல் தென்மேல் பருவமழை முடிந்த பின்னர், பின்பக்கத் தடத்தில் ஒரே இடத்தில் வண்டி தளர்ந்து நகரத் தொடங்கியது. தண்டவாளத்தைத் துடைத்தும் மாற்றமில்லை. வண்டியை அந்த இடத்துக்கு அப்பால் ஓடவிட்டு, பல்மானியின் இரு முனைகளையும் ஓர் இணைப்புத் தகட்டின் இரு பக்கத் தண்டவாளங்களில் வைத்து அளந்தபோது 2 வோல்ற்றுக்கும் கூடிய வேறுபாடு காட்டியது. அடுத்தடுத்த இணைப்புகளில் அது பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. வோல்ற்றளவை இப்படி இணைப்புக்குக் குறுக்காக, மின்னோட்டம் போகும்போது அளப்பதுதான் பழுதைக் கண்டறியும் நேர்வழி. வண்டி நிற்கும்போது தண்டவாளத்தில் வோல்ற் பார்த்தால் எல்லா இடமும் நலமாகவே தெரியும்.

அந்த இணைப்புத் தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தால் இன்னொரு மழைக்காலம்வரை தாங்கும். நான் அதனோடு நிற்க விரும்பவில்லை. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும், அது எவ்வளவு குட்டையானதாக இருந்தாலும், அடியிலிருந்து தனி வயர் கொடுத்துவிட்டேன். இணைப்புத் தகடுகளுக்கு இப்போது தண்டவாளங்களை நேராகப் பிடித்திருக்கும் வேலை மட்டுமே உண்டு. மின்சாரம் கடத்தும் பொறுப்பு அவற்றுக்கு இல்லை. கடலோரத்தில் அமைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்: தொடுகையை நம்பி ஓர் இடத்திலும் மின்சாரத்தை விடாதீர்கள், பற்றாசு பிடியுங்கள். வயரின் நுனியை ஒரு மில்லிமீற்றர் மட்டும் மடக்கி, தண்டவாளத்தின் வெளிப்பக்க அடியில், சக்கர விளிம்பு படாத இடத்தில் ஒட்ட வேண்டும். சோல்டரிங் அயன் நன்றாகச் சூடேறியிருந்தால் இரண்டு விநாடி போதும். சூடு போதாமல் நீண்ட நேரம் வைத்துக்கொண்டிருந்தால்தான் பிளாஸ்டிக் கட்டைகள் உருகும். இருபுறமும் ஈரமான பஞ்சை வைத்துக்கொண்டால் மேலும் பாதுகாப்பு. ரோசின் உள்ளீடு கொண்ட பற்றாசுக் கம்பியையே பயன்படுத்த வேண்டும். தகர வேலைக்காரர் பயன்படுத்தும் அமிலப் பசை, மிஞ்சிய துளியிலிருந்தே சில மாதங்களில் பச்சை பூத்து வயரைத் தின்றுவிடும்.

வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயிண்ட்களில், தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை உலோகமாக இருக்கும் வகையை எடுத்தேன். அம்முனை பிளாஸ்டிக்காக இருந்தால், குட்டையான நாற்சக்கர எஞ்சின்கள் அதன்மேல் மெதுவாகப் போகும்போது மின்சாரம் அறுந்து நின்றுவிடும். உலோக முனையென்றால் பாயிண்ட் திரும்பும் திசைக்கேற்ப அதன் முனைவுத்தன்மையும் மாற வேண்டும். பாயிண்டின் உள்நாக்குத் தொடுவதாலேயே அது மாறும்படி நிறுவனம் செய்துதருகிறது. ஆனால் அதுவும் தொடுகைதானே. பலகையின் முன் விளிம்பில் ஒரு தள்ளு சுவிட்சைப் பொருத்தி, அதன் குமிழில் துளையிட்டு ஒரு துருப்பிடிக்காத உருக்குக் கம்பியை மாட்டி, அக்கம்பியை பிளாஸ்டிக் குழாய்க்குள்ளால் பாயிண்டுக்குக் கொண்டுபோனேன். குமிழைத் தள்ளும்போது கம்பி பாயிண்டைத் திருப்புகிறது. அதே அசைவில் சுவிட்ச் முனைக்கான மின்சாரத்தையும் மாற்றுகிறது. மோட்டரும் இல்லை, சுருளும் இல்லை. விலை குறைந்த இந்த அமைப்பு இன்றுவரை ஒருமுறையும் ஏமாற்றியதில்லை.

வண்டிக்கு வருகிறேன். 1920களில் பிரித்தானியாவின் சென்டினல் நிறுவனம் இப்பாதைக்குச் செய்தனுப்பிய நீராவி ரயில் கார்கள்தான் என் கண்ணில் களனிவெளியின் முகம். எஞ்சினும் பயணிகள் பெட்டியும் ஒன்றாய் இணைந்த வண்டி. அதன் வரைபடம் என்னிடம் இல்லாததால், ஒளிப்படத்திலிருந்து அளவெடுத்தேன். நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் தண்டவாளங்கள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தால், அவற்றின் இடைவெளி 762 மில்லிமீற்றர் என்பது நமக்குத் தெரிந்த அளவு. வண்டியின் முகப்புக்கு நேர் கீழே உள்ள இடத்தில் அதனை அளவுகோலாக வைத்து, முகப்பின் அகலத்தையும் கூரை உயரத்தையும் கணித்துவிடலாம். பக்கவாட்டுப் படத்தில் கதவின் உயரத்தைப் பிடித்துக்கொண்டு, நீளத்தையும் யன்னல் இடைவெளிகளையும் அதிலிருந்து பெறலாம். பல படங்களில் ஒரே விடை வருமானால் அந்த அளவை நம்பலாம்.

உடலை அரை மில்லிமீற்றர் தடிப்பான வெள்ளை ஸ்டைரீன் தாளில் வெட்டி ஒட்டினேன். அடியில் யப்பானிய N அளவுப் பெட்டியொன்றின் மோட்டர் பொருத்திய சட்டகம். அதன் சக்கரங்கள் 1:87க்குச் சற்றுச் சிறியவை. படிக்கட்டும் பக்கச் சட்டங்களும் சக்கரத்தின் மேற்பாதியை மறைப்பதால் அது உறுத்தவில்லை. எடை போதாவிட்டால் சக்கரம் தண்டவாளத்தை நன்றாகப் பற்றாது. மீன்பிடிச் சாமான் கடைகளில் விற்கும் ஈயக் குண்டுகளைத் தட்டித் தட்டையாக்கி, தரையின் அடியில் ஒட்டினேன். ஈயத்தைக் கையாண்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

ஈரக்காற்று இங்கும் குறுக்கிடுகிறது. சயனோ அக்ரிலேட் (சூப்பர் குளூ) பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. ஆகவே கொழும்பில் அது நினைப்பதைவிட விரைவாகப் பிடித்துக்கொள்ளும், சுற்றிவர வெண்படலமும் படியவிடும். யன்னல் கண்ணாடிகளுக்கு அதனைப் பயன்படுத்தக்கூடாது. வெள்ளைப் பசையே போதும். விசிறும் வர்ணத்திலும் இதே கதைதான். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் ஒடுங்கி, மினுங்க வேண்டிய வர்ணம் பால்போல் வெளிறிவிடும். மழை பெய்த நாளின் மாலையில் வர்ணம் விசிறாமல், வெயில் ஏறிய முற்பகலில் மெல்லிய பூச்சுகளாக விசிறினால் இந்தத் தொல்லை வராது.

பாதையின் சல்லிக்குப் பலரும் கடற்கரை மணலை அள்ளிவர நினைப்பார்கள். வெள்ளவத்தையில் அது வீதியைக் கடந்தால் கிடைப்பது. வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் துகளும் உண்டு. அதைவிட முக்கியமாக, நமது கரைகளின் மணலில் காந்தத்துக்கு இழுபடும் கருந்துகள்கள் கலந்திருக்கின்றன. ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மணலுக்குள் விட்டு எடுத்தால் அவை கொத்தாக ஒட்டிவருவதைப் பார்க்கலாம். மோட்டரின் நிலைக்காந்தம் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் எந்திரத்தின் ஆயுள் அத்தோடு முடிந்தது. நான் கட்டட வேலைக்கு விற்கும் கருங்கல் தூளை வாங்கி, அரித்து, கழுவிக் காயவைத்து, காந்தத்தால் துழாவிய பின்னரே போட்டேன். நிசச் சல்லி 50 மில்லிமீற்றர் என்றால் 1:87இல் அது அரை மில்லிமீற்றரை ஒட்டியது. தேயிலை வடியால் ஒருமுறையும் நைலோன் துணியால் ஒருமுறையும் அரித்தால் இடைப்பட்ட அந்த அளவு கிடைத்துவிடும். சமபங்கு நீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால், பசை கல்லின்மேல் உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கும்.

மரங்களுக்கும் புல்லுக்கும் பெரும்பாலும் தேங்காய்த் தும்பையே பயன்படுத்தினேன். காய்ந்த தேயிலைச் சக்கை தரைக்கு அழகான நிறம் தரும்; ஆனால் இங்கே பூஞ்சணம் பிடிக்கும். மாவுப் பசை கரப்பானையும் எறும்பையும் அழைத்துவரும். தும்பு எளிதில் உக்காது. இறப்பர் மரங்கள் வரிசையாக நடப்படுபவை என்பதை மறந்து காடுபோல் நட்டால் காட்சி பொய்த்துவிடும். மெல்லிய செம்புக் கம்பிகளை முறுக்கி நேரான தண்டுகள் செய்து, சாம்பல் நிறம் பூசி, பால்வெட்டும் சாய்ந்த கீறலை ஊசி முனையால் இட்டு, வரிசை பிசகாமல் நட்டேன். பார்ப்பவரின் கண் அந்த வரிசைகளுக்கிடையே ஓடுவதால், 10 சென்ரிமீற்றர் ஆழமான தோட்டம் பெரிதாகத் தோன்றுகிறது.

நிலையத்துக்கு ஒரு கற்பனைப் பெயரைக் கொடுத்து, பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினேன். 15 சென்ரிமீற்றர் எழுத்து இவ்வளவில் 1.7 மில்லிமீற்றர்தான். அங்குலத்துக்கு 600 புள்ளி தரும் லேசர் அச்சில் அந்த உயரத்துக்கு ஏறத்தாழ 40 புள்ளிகள் கிடைப்பதால், தடித்த எழுத்துருவைத் தெரிந்தால் தமிழின் சுழிகளும் அடைபடாமல் வாசிக்க முடிகிறது. இந்தச் சிறு பலகைக்கு நான் செலவிட்ட உழைப்பை ஒருபோதும் மிகையென்று நினைக்கமாட்டேன். நமது பாதை என்று அடையாளம் சொல்வது அதுதான்.

ஓட்டும் முறையையும் உண்மைக்கு நெருக்கமாக வைக்க முயன்றேன். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் 1:87இல் விநாடிக்கு 9.6 சென்ரிமீற்றர்; அதாவது 2.4 மீற்றர் பலகையைக் கடக்க 25 விநாடி. கடிகாரத்தை வைத்துக் கட்டுப்பாட்டியின் முகப்பில் அந்த இடத்தைக் குறித்துவிட்டேன், அதற்குமேல் திருப்புவதில்லை. இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் வழங்கிய டப்லட் முறையையும் சேர்த்துக்கொண்டேன். டப்லட் எனப்படும் வில்லையைக் கையில் பெற்ற வண்டி மட்டுமே அடுத்த பகுதிக்குள் நுழையலாம் என்பது அதன் விதி. அடுத்தடுத்த இரு நிலையங்களின் டப்லட் கருவிகள் மின்சாரத்தால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு வில்லையை வெளியே எடுத்துவிட்டால் அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது; ஆகவே அந்தப் பகுதிக்குள் ஒரே நேரத்தில் இரு வண்டிகள் நுழைய வழியில்லை. என் நிலையத்தில் இரண்டு தடங்கள். ஒவ்வொன்றின் வெளியேறும் முனையிலும் 20 சென்ரிமீற்றர் தண்டவாளத்தை மின்சாரத்திலிருந்து தனியாக்கி, அதற்கான இணைப்பை ஒரு 6.35 மில்லிமீற்றர் ஒலிச் செருகு துளையின் வழியாகவே கொடுத்தேன். கித்தார் வயரில் வரும் செருகியொன்றின் உள்ளே இரு முனைகளையும் சேர்த்துப் பற்றாசு பிடித்து, அதன் தலையில் ஒரு பித்தளை வில்லையை ஒட்டினேன். அந்தச் செருகிதான் டப்லட். எந்தத் தடத்தின் துளையில் அதைச் செருகுகிறோமோ அந்தத் தடத்து வண்டி மட்டுமே புறப்படலாம். செருகி ஒன்றே இருப்பதால் இரண்டாவது வண்டி, முதலாவது திரும்பி வந்து டப்லட் கைக்கு வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். சகோதரியின் பிள்ளைகள் வந்தால் ஒருவர் நிலைய அதிபர், ஒருவர் சாரதி. விதியை ஒருமுறை சொல்லிக்கொடுத்த பின்னர் கண்காணிக்கத் தேவையில்லை, மின்சாரமே அதனைக் காக்கிறது.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஓட்டுவதற்கு முன் பஞ்சுத் துணியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டுத் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடைக்கிறேன். அரத்தாள் போடுவதில்லை, அது விடும் கீறல்களில்தான் அழுக்கு அடுத்தமுறை கூடுதலாகத் தங்கும். சக்கரங்களை அதே துணியைத் தண்டவாளத்தின் குறுக்காக விரித்து, வண்டியின் ஒரு முனையை அதன்மேல் ஓடவிட்டுத் துடைத்துவிடலாம். ஓடாத நாட்களில் பலகையைப் பருத்தி விரிப்பால் மூடிவைக்கிறேன்; பல்லி எச்சமும் தூசியும் படாமல் காப்பதற்கு அது போதும். பொலித்தீன் போட்டால் உள்ளே ஈரம் கட்டும். வண்டிகள் மட்டும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடியுள்ள பெட்டியில் இருக்கின்றன. பொதிகளை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கிறேன்.

வயர்களின் நிறங்களையும் அவை சேரும் இடங்களையும் ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையிட்டு, பலகையின் அடியிலேயே ஒட்டியிருக்கிறேன். அடுத்ததாகச் செய்ய எண்ணியிருப்பது, நிலையத்தின் இடப்பக்கத்தில் இணையும் 60 சென்ரிமீற்றர் துண்டு; இறப்பர் தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பக்கத் தடம். அதற்கான போல்ட் துளைகளையும் பித்தளைத் திருகாணிகளையும் இப்போதுள்ள பலகையின் ஓரத்தில் முன்கூட்டியே இட்டுவைத்துவிட்டேன்.